வயிறு பெருத்த கிளாஸ்

குணசேகரன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், ஹைதராபாத் மௌலா அலியில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் "கிளாஸ் விக்கிறாரு" என்பார்கள். கேட்டவர்கள் அதை ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டு, பால்கனிக்குத் தடுப்பு போட்டுத் தருவாரா என்று விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் அவரும் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். ஒயின் குடிக்கிற கிளாஸ், வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஒவ்வொரு ஒயினுக்கும் ஒவ்வொரு வடிவம், வடிவம் மாறினால் ருசியும் மாறும் என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவருடைய சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, தண்ணிய சொம்புல குடிச்சா ஒரு ருசி, டம்ளர்ல குடிச்சா ஒரு ருசியா?" அதற்கப்புறம் ஜன்னல் கண்ணாடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் குணசேகரனுக்குச் சோறு போட்டது. ஹைதராபாத்தில் பணக்காரர்கள் இருக்கும் பக்கமாகப் போய், யாராவது ஒருவர் வீட்டு ஹாலிலோ கிளப்பிலோ மேஜை போட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் வரிசையாகக் கிளாஸ்களை வைப்பார். ஒல்லியாக உயர்ந்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, வயிறு பெருத்து வாய் குறுகியது ஒன்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கப். எல்லாவற்றிலும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். முதலில் பெரிய வயிற்றுக் கிளாஸை முகர்ந்து குடிக்கச் சொல்வார். அப்புறம் பிளாஸ்டிக் கப்பில் குடிக்கச் சொல்வார். எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். சுளித்த முகம் நேராவதற்குள், கூட வந்த கிளாஸ் கம்பெனிக்காரர் ஆர்டர் எடுத்துவிடுவார்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு என்று நாலைந்துதான். மற்றதெல்லாம் மூக்கு வேலை. அகன்ற வயிற்றில் ஒயினைச் சுழற்றினால் வாசனை எழும்பும், குறுகிய வாயில் அது கூடி நிற்கும், குடிக்கக் குனிகிறவர் மூக்கு நேராக அதற்குள் இறங்கும். பிளாஸ்டிக் கப்பில் வாசனை நிற்க இடமில்லை, அது பாட்டுக்குக் காற்றில் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதை ஆயிரம் விதமாகச் சொல்லத் தெரிந்தவர் குணசேகரன்.

அவருக்கே ஒன்றும் முகரத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

முன்பெல்லாம் அப்படியில்லை. அவருடைய அப்பா அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, பாதி தமிழும் பாதி தக்கனி உருதுவுமாக வளர்ந்த குணசேகரன், ஹோட்டலில் தட்டு தூக்கி, பிறகு ஆர்டர் எடுத்து, பிறகு பார் பக்கம் நின்றார். ஒயின் பற்றிச் சொல்லிக்கொடுக்க அங்கே வந்த ஒரு பயிற்சிக்காரர், ஒரே சிவப்பு ஒயினைத் தண்ணீர் டம்ளரிலும் பெரிய வயிற்றுக் கிளாஸிலும் ஊற்றிக் கொடுத்தார். டம்ளரில் வெறும் புளிப்பு. கிளாஸில் மூக்கை வைத்ததும் நாவல்பழம். கையெல்லாம் ஊதாவாக, மரத்தடியில் மிதிபட்டுக் கிடக்கும் நாவல்பழம். நம்பாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி இன்னொரு தடவை முகர்ந்தார். அப்போதும் நாவல்பழம்தான். இத்தனை வருஷ உழைப்பில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆச்சரியம் அது. அந்த ஆச்சரியத்தை நம்பித்தான் ஹோட்டலை விட்டுக் கிளாஸ் கம்பெனிக்கு வந்தார்.

வந்த புதிதில் கம்பெனிக்கு அவரால் தலைவலிதான். மூக்கு சொன்னதை வாய் அப்படியே சொல்லிவிடும். பஞ்சாரா ஹில்ஸில் ஒரு அம்மாள் கிளாஸ் செட் வாங்கக் கையில் பையோடு நின்றபோது, "இந்த ஒயினுக்கு இது வேஸ்ட் மேடம், எதுல ஊத்தினாலும் இதே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியில் அன்று அவருக்கு நல்ல டோஸ் விழுந்தது.

அப்புறம்தான் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. காய்ச்சல் வந்து போனது, மூச்சுத் திணறல் வந்து போனது, உயிர் தப்பியது. மூக்கு மட்டும் திரும்பவில்லை. கிராம்பை முகருங்கள், எலுமிச்சையை முகருங்கள், தைலத்தை முகருங்கள், மெல்ல வரும் என்று டாக்டர் சொன்னார். குணசேகரன் காலையும் மாலையும் கிராம்பு டப்பாவில் மூக்கை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. சோறு வெறும் மெத்துமெத்தென்று இருந்தது. குழம்பு வெறும் உப்பும் புளிப்புமாக இருந்தது. கொஞ்ச நாளில் கிராம்பு சமையலுக்குத் திரும்பியது.

ஆபீஸில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண் தெரியாதவர் டிரைவர் வேலையில் தொடர முடியுமா? மகள் சௌம்யா புனேவில் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு முடிய இன்னும் காலம் இருந்தது. வேறு வேலை தேடும் வயதும் தாண்டிவிட்டது. அதனால் குணசேகரன் ஒரு வழி பண்ணினார். அந்த வழியின் பெயர் கல்பகம்.

கல்பகம் அவருடைய மனைவி. காட்பாடிப் பெண். மல்லாபூரில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். நாள் முழுக்க மிளகாய்த்தூளுக்கும் தனியாத்தூளுக்கும் நடுவே நின்றுவிட்டு நாச்சாரத்தில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்பி வருவாள். திரும்பி வந்தால் சமையல் மேடைமேல் குணசேகரன் கிளாஸ்களை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எந்த ஒயினைக் காட்டப் போகிறாரோ, அதே பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிடும்.

"காலைலேர்ந்து மொளகாத்தூளுங்க. மூக்கு இன்னமும் எரியுது. என் மூக்குக்கு லீவே கெடையாதா?" என்பாள்.

"ஒரே நிமிஷம்மா. மோந்து மட்டும் பாரு. குடிக்க நக்கோ, வேணாம்."

"குடிக்க வேற சொல்லுவீங்களா?" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கிளாஸாக எடுத்து முகர்ந்து சொல்வாள். "இதுல புது செருப்பு வாசன வருதுங்க. கடைல பெட்டியத் தெறந்த ஒடனே வருமே, அது." "இது ஊறவெச்ச புளி." "இது இன்னா தெரியுமா, மழை பேஞ்சு நின்னு, வெயில் அடிச்சதும் மொட்ட மாடில வருமே, அந்த மாதிரி."

மறுநாள் குணசேகரன் அதையே இங்கிலீஷில் சொல்வார். புதுச் செருப்புக் கடை, மழை நின்ற மொட்டை மாடி. கேட்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் ஓக் மரத்தையும் செர்ரியையும் யார் கண்டார்கள்? செருப்புக்கடை எல்லோருக்கும் தெரியும். விற்பனை ஏறியது. மற்ற ஊர்களிலிருந்தும் குணசேகரனைக் கேட்டு ஆள் வந்தது. வீட்டில் காலி பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போக, கல்பகம் குடிக்கிறாள் என்று எதிர்வீட்டில் பேச்சு வந்தது. அதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. காலி பாட்டில்களை அரிசிப் பையில் போட்டு வேலைக்குப் போகும் வழியில் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

குணசேகரன் களைத்துப்போனது அப்போதுதான். மூக்கு போனதைவிட, மூக்கு இருக்கிற மாதிரி நடிப்பது பெரிய சுமையாக இருந்தது. கிளாஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி, ஏதோ வந்துவிட்ட மாதிரி புருவத்தை உயர்த்த வேண்டும். உள்ளே ஒன்றும் இருக்காது. காலியான ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறார் என்று வெளியே சொல்வது போல. அதைவிடக் கஷ்டமாக இன்னொரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அந்த நாவல்பழம்கூட நிஜமாகவே வந்ததா? பயிற்சிக்காரர் சொன்னதால் வந்ததா? எதில் ஊற்றினாலும் ஒன்றுமில்லை என்கிற மூக்கோடு வருஷக்கணக்காக வாழ்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். எல்லாமே வெறும் பேச்சோ, சித்தப்பா சொன்னதுதான் சரியோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பார். யாராவது கண்டுபிடித்துத் தொலைத்தால் தேவலை என்றுகூட இருக்கும். அடுத்த நிமிஷம் சௌம்யாவின் முகம் வரும்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூபிலி ஹில்ஸில் கிருஷ்ணகுமார் என்பவர் வீட்டில் மதிய விருந்து. ஐடி கம்பெனியில் பெரிய பதவி, சென்னைக்காரர், மனைவி பெயர் பத்மப்ரியா. விருந்தாளிகள் இருபது பேருக்குக் கிட்ட இருந்தார்கள். குணசேகரன் வழக்கம்போல கல்பகம் முகர்ந்து சொன்ன ஒயினோடு போயிருந்தார். கம்பெனியின் விற்பனைத் தலைவர் ஜெயந்தும் ஆர்டர் எடுக்க வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், குணசேகரனைவிட ரொம்பச் சின்னவன், மரியாதையாகத்தான் பேசுவான்.

கிளாஸ்களைத் துடைத்து வைத்து முடித்த நேரத்தில் கிருஷ்ணகுமார் ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க கொண்டுவந்தது இருக்கட்டும். இதை வெச்சுப் பண்ணுங்க. நாங்க கல்யாணமான வருஷம் வெளிநாட்டுல வாங்கினது. ஒயினுக்குன்னே ஃபிரிட்ஜ் வாங்கி அதுல வெச்சுக் காப்பாத்திட்டு வரேன். இன்னிக்குத் திறக்கணும்னு இருக்கேன்."

கல்பகம் முகர்ந்து பார்க்காத பாட்டில் அது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட நாக்கில் வரவில்லை. ஜெயந்த் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சரி என்று திறந்தார். கார்க் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். புளித்துப் போயிருந்தால் நாக்கே காட்டிக்கொடுத்திருக்கும். புளிக்கவில்லை. கடவுளே என்று, இருபது பேருக்கும் வரும்படி பெரிய வயிற்றுக் கிளாஸிலும் பிளாஸ்டிக் கப்பிலும் மட்டும் ஒரு வாய் அளவு ஊற்ற ஆரம்பித்தார்.

பெரிய வயிற்றுக் கிளாஸை எடுத்தார். சுழற்றினார். மூக்கை விட்டார். வழக்கம்போல ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாவல்பழம்" என்றார். வேறு எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை. "மரத்தடியில கிடக்கிற நாவல்பழம். அதுக்குப் பின்னால, அவசரப்படாம முகர்ந்தீங்கன்னா, புதுச் செருப்பு."

விருந்தாளிகள் முகர்ந்தார்கள். பிறகு ஒருவர் "யெஸ், ஜாமுன்" என்றார். இன்னொருவர் தனக்குச் சாக்லேட்டும் வருகிறது என்றார். அதற்கப்புறம் ஆளுக்கொன்று வர ஆரம்பித்தது. ஒருவருக்குக் காபி, ஒருவருக்கு ரோஜா. பத்மப்ரியா மட்டும் கிளாஸைக் கிட்டே கொண்டுபோனதும் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். கிருஷ்ணகுமாரின் கண் கலங்கியிருந்தது. பத்மப்ரியா திரும்பவும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

குணசேகரன் அதைப் பார்த்துவிட்டார். ஏதோ சரியில்லை என்று மனசு சொன்னது. என்ன சரியில்லை என்று யாரைக் கேட்பது?

கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போனார்கள். ஜெயந்த் வந்து முதுகில் தட்டி, "பின்னிட்டீங்க குணா சார்" என்றான். இதுவரை ஒரே வீட்டில் இத்தனை செட் போனதில்லையாம். குணசேகரன் மேஜையை ஒழுங்குபடுத்தினார். எப்போதும் பெரிய வயிற்றுக் கிளாஸ்கள் காலியாக இருக்கும், பிளாஸ்டிக் கப்புகளில் ஒயின் அப்படியே கிடக்கும். இன்று தலைகீழாக இருந்தது. பிளாஸ்டிக் கப்புகள் காலி. ரோஜாவும் சாக்லேட்டும் வந்த கிளாஸ்களில் ஒயின் ஊற்றின அளவே நின்றது. அவர் கொஞ்ச நேரம் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கிருஷ்ணகுமார், "நீங்கதான் இதுக்குத் தகுதியான ஆள், எடுத்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் இன்னும் போகவில்லை. கல்பகத்துக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னிக்குமா? நேத்துதானே மோந்தேன்."

"இது வேற. ஒரே தடவ." அவர் பெரிய வயிற்றுக் கிளாஸை எடுத்து ஊற்றிக் கொடுத்தார்.

கிளாஸ் மூக்குக்குப் போவதற்கு முன்பே கல்பகம் அதைத் தள்ளிப் பிடித்தாள். "ஐயே! இன்னாங்க இது, இப்படி நாறுது? மழைல நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி. கம்பெனில போன மழைக்குக் கோடவுன்ல தண்ணி பூந்து, பெட்டியெல்லாம் பூஞ்சை பூத்துக் கெடந்திச்சே, அதே நாத்தம்!"

குணசேகரனுக்குத் தெரிந்துவிட்டது. ஹோட்டல் நாட்களில் அந்த நாற்றம் அவருக்கும் தெரியும். கார்க்கிலிருந்து ஒயினுக்கு ஏறும் கோளாறு. நாக்குக்கு எட்டாது, மூக்குக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட பாட்டிலைத் திறந்தவுடன் மன்னிப்புக் கேட்டு ஓரமாக வைத்துவிட வேண்டும். அவர் அதை நாவல்பழம் என்று சொல்லியிருந்தார். இருபது பேரும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தார்கள்.

"எல்லாரும் நல்லாருக்குன்னாங்க" என்றார்.

"யாரு?"

"எல்லாரும்."

கல்பகம் அவரையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். குணசேகரனுக்குச் சட்டென்று அந்த மேஜை ஞாபகம் வந்தது. காலியான பிளாஸ்டிக் கப்புகள், ஒயின் அப்படியே நின்ற பெரிய கிளாஸ்கள். எழுந்து போய் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் மற்ற கிளாஸ்களையும் கொண்டுவந்து எல்லாவற்றிலும் அதையே ஊற்றினார். மடித்த துணியிலிருந்து ஒரு துண்டை உருவிக் கல்பகத்தின் கண்ணைக் கட்டினார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"எதையும் தொடாத. நான் மூக்குகிட்ட கொண்டாந்து காட்டறேன். எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

டம்ளரைக் காட்டினார். "இதுல ஒண்ணும் பெருசா தெரியல. எவர்சில்வர் வாசனதான் வருது." ஒல்லிக் கிளாஸைக் காட்டினார். "இருக்குது. ஆனா கம்மி." பெரிய வயிற்றைக் காட்டினார். கல்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதான். இதுலதான் தூக்குது."

குணசேகரன் இடத்தை மாற்றி மாற்றிக் காட்டினார். பெரிய வயிறு வந்தபோதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பினாள். டம்ளர் வந்தபோதெல்லாம் சும்மா இருந்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. யாரும் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. எந்தக் கிளாஸ் எது என்று பார்க்கவும் வழியில்லை.

அப்படியானால் நிஜம்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகர்ந்த நாவல்பழமும் நிஜம்தான். கிளாஸ் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நல்லதைப் போட்டால் நல்லதைத் தூக்கிக் காட்டியது, கெட்டதைப் போட்டால் கெட்டதையும் அப்படியே தூக்கிக் காட்டியது. பொய் சொன்னது அவர் ஒருவர்தான். அதில் சந்தோஷமும் இருந்தது, வெட்கமும் இருந்தது, எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கல்பகம் கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஜெயந்த்கிட்ட சொல்லிடப் போறேன்" என்றார் கடைசியில்.

"சொல்லித்தான் ஆவணுமா?"

"ஹவ், சொல்லணும். என்னால முடியல கல்பகம். ரொம்ப டயர்டா இருக்கு."

அவள் துண்டை மறுபடி மடித்து வைத்தாள். சௌம்யாவைப் பற்றித்தான் யோசிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "சொல்லிட்டு வாங்க" என்றாள். "வேல போனா எங்க கம்பெனில கேக்கறேன். மொளகா அரைக்கிற எடத்துல மூக்கு இல்லாதவங்களுக்குத்தான் சௌகரியம்."

மறுநாள் திருமுல்கேரியில் இருக்கும் கம்பெனி கோடவுனுக்குப் பஸ்ஸில் போனார். போகும் வழி முழுக்க என்ன சொல்வது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனார். ஜெயந்த் புதிதாக வந்த பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தான். தனியாகப் பேச வேண்டும் என்று கேபினுக்குள் கூப்பிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் சொல்லி முடித்தார்.

"ஜெயந்த் சார், எனக்கு மோப்பம் கிடையாது. கொரோனாவுல போனது. இன்னும் திரும்பல. இவ்வளவு நாளா உங்களையெல்லாம் ஏமாத்திட்டு இருந்தேன்."

ஜெயந்த் டேபிளில் இருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினான். "உக்காருங்க குணா சார். அது எனக்குத் தெரியுமுங்க."

"தெரியுமா?"

"பேன்ட்ரில ஒரு நாள் ஒயர் கருகிச்சே, ஞாபகம் இருக்குங்களா? ஆபீஸே மூக்கைப் பொத்திட்டு வெளிய ஓடுச்சு. நீங்க மட்டும் அங்கயே உக்காந்து தயிர் சாதம் சாப்பிட்டுட்டு இருந்தீங்க. அப்பவே புரிஞ்சுதுங்க."

அந்த நாள் குணசேகரனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று எல்லோரும் ஏன் ஓடினார்கள் என்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. "தெரிஞ்சுமா என்னை வேலைல வெச்சிருக்கீங்க?"

"பின்ன? மூக்கு இருந்தப்போ நீங்க என்ன பண்ணீங்க? பஞ்சாரா ஹில்ஸ் அம்மாகிட்ட எதுல ஊத்தினாலும் ஒண்ணுதான்னு சொல்லி அனுப்புனீங்க. மூக்கு போனப்புறம் எவ்வளவு அழகாப் பேசறீங்க! ஜனங்க வாசனைக்கு வர்றதில்லைங்க சார், உங்க பேச்சுக்கு வர்றாங்க."

"நேத்து அந்த ஒயின் கெட்டுப்போயிருந்தது."

"அப்படீங்களா?" ஜெயந்த் யோசித்தான். "எனக்குக்கூட என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. நீங்க நாவல்பழம்னீங்க. சரி, நமக்குத்தான் தெரியலைன்னு விட்டுட்டேன்."

"கிருஷ்ணகுமார் சார்கிட்ட சொல்ல வேணாமா? எவ்வளவு ஆசையா வெச்சிருந்தாரு."

"எதுக்குங்க? அவர் சந்தோஷமா இருக்காரு. காலைல மெசேஜ்கூட அனுப்பியிருக்காரு. நீங்க போய்ச் சொன்னா சந்தோஷமும் போகும், ஆர்டரும் போகும்." ஜெயந்த் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டான். நிஜமான பிரியத்தோடுதான் தொட்டான். "முந்தின நாளே வீட்டுக்குப் பாட்டில் எடுத்துட்டுப் போய்க் கஷ்டப்பட வேண்டியதில்லைங்க இனிமே. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. போதும்."

திட்டுவான் என்று நினைத்துப் போனவருக்கு அந்தப் பிரியத்தைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட எங்கேயோ ஒரு மூக்குக்கு மரியாதை இருக்கிறது என்று ஆகியிருக்கும். வேலை போகவில்லை. இனி ஒருபோதும் போகாது போலிருந்தது. அறுபது வயது வரை, அதற்கு அப்புறமும்கூட, மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுப் புருவத்தை உயர்த்திக்கொண்டே இருக்கலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

கல்பகம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "வேல போச்சா?"

"போகல" என்றார் சாவுச் செய்தி சொல்கிறவர் குரலில்.

அவள் அப்படியே நிலைப்படியில் சாய்ந்தாள். "அப்பாடா. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

நடந்ததை எல்லாம் சொன்னார். ஒயர் கருகியது, தயிர் சாதம், இனிமேல் தோன்றியதைச் சொன்னால் போதும் என்றது. கல்பகம் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப இனிமே நான் மோந்து பாக்க வேணாமா?" என்றாள்.

"வேணாமாம். உன் மூக்குக்கு இனிமே லீவு."

அவளுக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. போய் முகத்தைக் கழுவினாள். வழக்கமான நாட்களில் கழுவுவது போலவே மூக்கை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். சமையல் மேடையில் அந்தப் பாட்டில் இன்னும் இருந்தது. மிச்சமிருந்ததைப் பெரிய வயிற்றுக் கிளாஸில் ஊற்றிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே" என்றார்.

"கம்பெனிக்கு வேணாம். உங்களுக்கும் வேணாமா?"

வருஷக்கணக்காக ஊரெல்லாம் அவரிடம் வந்து வாசனையைக் கேட்டது. அவர் கேட்பதற்கு இருந்தது இந்த ஒருத்திதான். மிளகாயில் எரிந்த மூக்கோடு வந்து, ஒரு நாளும் இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதவள். அதை இத்தனை நாள் வேலையின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தார்.

"வேணும்" என்றார். "சொல்லு."

கல்பகம் கிளாஸைச் சுழற்றினாள். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட மாதிரியே, வயிற்றைத் தொடாமல் காம்பைப் பிடித்துச் சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். முகம் சுருங்கியது.

"நேத்தவிட மோசங்க" என்றாள். "நாறுது."